சுவருக்குள் போன ஏலக்கல்

"…அதத்தான் நானும் கேக்குறேன். கல்லு எங்கய்யான்னா செவுத்தக் காட்டுறே. செவுத்துல எங்கய்யான்னா நடுவுல காட்டுறே. நான் இன்னா பல்லியா, செவுத்து நடுவுல ஒட்டிக்கினு ஏலம் கூவ?"

கேட்டவர் தனம் அக்கா. திருவொற்றியூர்க் கடலோரக் குப்பம் ஒன்றில் காலை மீன் ஏலம் கூவுகிறவர். கேட்டது என்னை. அந்த நேரத்தில் என் வலது தோளில் ஒரு கருங்கல் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் வைக்க முடியாது. எங்கள் ஆட்களின் முறை அப்படி. தனம் அக்கா அடுத்து என்ன செய்தார் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் ஏன் கல்லைச் சுமந்தபடியே நின்றேன் என்பதை முதலில் சொல்லாவிட்டால் என்னைப் பைத்தியக்காரன் என்பீர்கள். சொன்ன பிறகும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இப்போது அதே கடற்கரையில் அச்சில் வார்த்த கான்கிரீட் கட்டைகளைக் கிரேனில் கட்டி இறக்குகிறார்கள். எல்லாம் ஒரே முகம், ஒரே எடை. நல்ல விஷயம்தான், என் முழங்கால்களைக் கேட்டால் கிரேனுக்கே ஓட்டுப் போடும். அங்கே வேலை பார்க்கும் ஒரு தம்பி டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டு, "இன்னா நைனா, அந்தக் காலத்துல பெர்சு சிர்சு எல்லாக் கல்லையும் கலந்து கட்டுவீங்களாமே, அது எப்படி நின்னுச்சி?" என்று கேட்டான். எப்படி நின்றது என்று சொல்ல ஆரம்பித்தால் தனம் அக்காவிடம்தான் போய் முடிகிறது.

நான் ஒன்றும் பரம்பரைக் கல்வேலைக்காரன் இல்லை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். அங்கே கம்பிக்குக் கம்பி வித்தியாசம் கிடையாது. ஒரு நாள் லாரிக்காரர் ஒருவர், "இரும்பைத் தூக்குறவன் கல்லைத் தூக்க மாட்டியா?" என்று கேட்டு ஏற்றிக்கொண்டு போனார். போய் இறங்கினால் அங்கே ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் உறவே இல்லை. ஒன்று ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கிறது, ஒன்று தலையணை மாதிரி, ஒன்று யாரோ கடித்துத் துப்பின மாதிரி. கைவிரல் நசுங்கி, நகம் விழுந்து முளைத்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். சில வருஷத்தில் என்னை மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தக் குப்பத்தில் கட்டியது, மணலுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர். காரை கிடையாது, சிமெண்டு கிடையாது, வெறும் கல். கடல் ஏறி வந்தால் தண்ணீர் சந்துகள் வழியாகத் திரும்பி வடிந்துவிட வேண்டும், தெருவின் மண் மட்டும் நிற்க வேண்டும். மணலைத் தோண்டி, கெட்டியான அடி கிடைத்த பிறகு இருப்பதிலேயே பெரிய கற்களை இறக்குவோம். கல்லின் நீளம் சுவருக்குள்ளே போக வேண்டும். அழகாகத் தெரியட்டும் என்று நீளவாட்டில் சுவரின் வெளிமுகத்தில் படுக்கப் போட்டால் ஒரு மழைக்குத் தாங்காது. மேலே வரும் கல் கீழே இரண்டு கற்களின் மேல் கால் வைக்க வேண்டும். இரண்டு பெரிய கற்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் நடுத்தரம் உட்காரும், நடுத்தரத்தின் இடுக்கில் சிறிசு உட்காரும், அதன் ஆட்டத்தை நிறுத்தச் சில்லு அடிப்போம். சுவரின் வயிற்றுப் பகுதியைக் கூடையால் கொட்டி நிரப்பக்கூடாது. ஒவ்வொன்றாகக் கையால் வைக்க வேண்டும். அங்கங்கே முன் முகத்திலிருந்து பின் முகம் வரை ஒரே கல்லாக ஓடும் நீளக் கல் ஒன்று வைப்போம். அதற்குப் பிடிகல் என்று பெயர். அது இல்லாத சுவர் பொத்தான் போடாத சட்டை மாதிரி, காற்றடித்தால் இரண்டாகத் திறந்துகொள்ளும்.

இதற்கெல்லாம் மேலே எங்களுக்கு ஒரு முறை இருந்தது. கையில் எடுத்த கல்லைத் திரும்பக் கீழே வைக்கக்கூடாது. எடுத்தால் அதற்குச் சுவரில் ஓர் இடம் பார்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஆள் நாள் முழுக்க எடுப்பான், பார்ப்பான், போடுவான். சாயங்காலம் முதுகு மட்டும் வலிக்கும், சுவர் வளர்ந்திருக்காது. நல்ல முறைதான். ஆனால் முறை என்று வந்துவிட்டால் அது எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் சித்தாள் மல்லிகா ஒரு தடவை நாயை விரட்டக் கல்லை எடுத்தார். நாய் ஓடிப்போய்விட்டது. "எட்த்தாச்சு, இன்னா பண்றது?" என்று சுவரைச் சுற்றி வந்து, அதற்கு ஒரு பொந்து கண்டுபிடித்துச் செருகிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். இன்னொரு ஆள் சாப்பாட்டு வேளையில் உட்காரக் கல் இழுத்துப் போட்டுவிட்டு, அது எடுத்த கணக்குதான் என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டதால், சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்க் கட்டினார். இதையெல்லாம் அப்போது யாரும் வேடிக்கையாக நினைக்கவில்லை.

எங்களுக்கு மேலே இருந்த பொறியாளர் பரமசிவம் சார் இன்னும் ஒரு படி மேல். பெரம்பூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார், குடையோடு. வந்ததும் எங்களைப் பார்க்க மாட்டார். நேராகச் சுவரிடம் போய் வணக்கம் சொல்வார். குடையின் கம்பி முனையைச் சந்துகளில் விட்டுப் பார்ப்பார். விடுகிற இடத்தில் முனை உள்ளே போய்விட்டால் சுவரைப் பார்த்தே கேட்பார்:

"என்னங்க, வயித்துல காத்து இருக்கே. சாப்பிடலையா?"

சுவர் சார்பில் நான் பதில் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

"சில்லு வெக்கல சார். இப்ப சாப்ட்டுடறேன்."

"இந்தப் பக்கம் வெளிய சாயறீங்களே, ஏன்?"

"இனிமே சாய மாட்டேன் சார்."

அவர் யாரையும் ஒரு நாளும் திட்டியதில்லை. சுவரைத்தான் கேட்பார், அதுவும் மரியாதையாக. வேலை தெரிந்தவர். அவர் குடை பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. மல்லிகாதான், "மேஸ்திரி, அந்தாளுக்கு வூட்ல யாருமே பதிலு சொல்றதில்லபோல. அதான் செவுத்தாண்ட வராரு" என்று சொல்லிச் சிரிப்பார்.

சுவர் முழங்கால் உயரம் வந்தபோது கடல் கெட்டுப்போனது. காற்று அப்படி. குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை. மணலில் ஏலம் இல்லை, கூட்டம் இல்லை, எங்களோடு காக்கைகள் மட்டும்தான். லாரி வந்து கல்லைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து எங்களுக்குப் பிடிகல் ஒன்று தேவைப்பட்டது. குவியல் முழுக்கத் தேடினேன், அவ்வளவு நீளத்தில் ஒன்றுகூட இல்லை.

குவியலின் ஓரத்திலிருந்து மல்லிகா கூப்பிட்டார். "மேஸ்திரி! இங்க வந்து பாரு. ராஜா மாரி ஒர்த்தன் தனியா குந்திகினு கீறான்."

பார்த்தேன். மேல்முகம் வழவழவென்று தட்டை. பின்னால் நல்ல நீளம். இப்படி ஒரு கல் வருஷத்துக்கு ஒரு தடவைதான் கண்ணில் படும். மேலே மீன் செதில் ஒட்டியிருந்தது. கடற்கரையில் கிடக்கும் கல்லில் மல்லிகைப்பூவா ஒட்டியிருக்கும் என்று நானும் கவலைப்படவில்லை. கயிறு போட்டுக் கழியில் கட்டி நாலு பேர் தூக்கிவிட்டோம். தூக்கியாயிற்று. அதற்குமேல் அது எங்கள் முறைப்படி சுவருக்குப் போகிற கல். வாழைப்பழத்தில் ஊசி மாதிரி இறங்கி உட்கார்ந்தது. சுவரின் அகலத்தைவிடக் கொஞ்சம் நீளம் என்பதால் முனை மட்டும் கடல் பக்கம் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. உடைத்தால் கல் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டோம். பரமசிவம் சார் வந்து குடையால் தட்டிப் பார்த்தார். "இப்பத்தான் நீங்க நிம்மதியா மூச்சு விடறீங்க" என்றார். சுவர் சார்பில் நன்றி சொன்னேன்.

காற்று தணிவதற்குள் அதன்மேல் மார்பளவு வரை கட்டிவிட்டோம். தணிந்த அன்று இரவே படகுகள் கடலுக்குப் போயின, காலையில் மீனோடு திரும்பும். அந்தக் காலைக்கு மறுநாள் அமாவாசை, கடல் ஏறும். அதற்குள் சுவரின் உச்சியில் வரும் தலைக்கல் வரிசையை முடித்துவிட வேண்டும் என்று விடிந்ததும் விடியாததுமாக ஆரம்பித்தோம். கடைசியாக அந்தப் பிடிகல்லுக்கு நேர் மேலே ஓர் இடம் பாக்கி. அதற்கான தட்டைக் கல்லை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அந்த இடத்தை மறித்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தனம் அக்கா நிற்கிறார். பின்னால் படகுக்காரர்கள், கூடை கூடையாக வஞ்சரம், சங்கரா, காரப்பொடி.

"இதும்மேல இன்னொரு கல்லு வெச்சே, நடக்குறதே வேற. உள்ள கீறது என் கல்லு."

அப்புறம்தான் அந்தப் பல்லிக் கேள்வி.

அவர் ஏன் அப்படிக் கொதித்தார் என்பது கூட்டத்தின் பேச்சிலிருந்துதான் புரிந்தது. அந்தக் குப்பத்தில் ஏலம் என்றால் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து கூவ வேண்டும். உட்கார்ந்து சொன்ன விலைதான் விலை. நின்றுகொண்டு கூவினால் அது வெறும் பேச்சு, வாங்கினவன் மாற்றிப் பேசலாம், கொடுத்தவனும் மாற்றிப் பேசலாம். வீட்டுக்காரர் கடலில் போன பிறகு தனம் அக்காவுக்குக் குப்பம் கொடுத்த பிழைப்பு அந்தக் கல். அவருடைய கொழுந்தன் குப்பனுக்கு அதன்மேல் ரொம்ப நாளாகக் கண். அன்றைக்குக் குப்பன் ஐஸ் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கூட்டத்துக்கு நடுவில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி, கல்லு பூடுச்சி. வுடு. மீனு நாறிப்பூடும். இன்னிக்கு ஒரு நாளு இந்தப் பொட்டி மேல நான் கூவுறேன். இன்னா இப்போ?"

"இன்னிக்கு நீ பொட்டி மேல கூவு, நாளைக்கு என்னைப் பொட்டிக்குள்ள வெச்சி மூடு" என்றார் தனம் அக்கா. "ஒரு தபா நீ குந்திக் கூவிட்டா அப்பால எனக்கு இங்க இன்னா வேலை? அத்த வெளிய எடு மேஸ்திரி."

எடுத்தால் மேலே இருக்கும் வரிசைகளை எல்லாம் கழற்ற வேண்டும். மறுநாள் கடல் நேராகத் தெருவுக்குள் போய்விடும். இதைத் தோளில் கல்லோடு சொன்னேன்.

"முதல்ல அத்தக் கீழ வெச்சிட்டுப் பேசுய்யா, பாக்கவே பேஜாரா கீது" என்றார் ஒரு படகுக்காரர்.

"வெக்கக்கூடாது. எங்க மொறை அப்படி."

படகுக்காரர் தலையாட்டிக்கொண்டார். முறை என்றால் அங்கே எல்லோருக்கும் புரியும். அவர்களும் ஒரு முறைக்காகத்தானே மீனை வெயிலில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மாற்றுக் கல் தேடினார்கள். ஒருவர் வீட்டிலிருந்து துணி துவைக்கிற கல்லை உருட்டி வந்தார். தனம் அக்கா உட்கார்ந்து பார்த்தார். "வழுக்குது." இன்னொருவர் ஆட்டுக்கல்லைக் கொண்டுவந்தார். அதன் நடுவில் குழி. "இதுல குந்த வெச்சி என்னை மாவாக்கப் பாக்குறீங்களா?" நங்கூரத்துக்குக் கட்டுகிற கல் வந்தது. அதன்மேல் உட்காரவே மாட்டேன் என்றுவிட்டார். நிற்கிற பொழப்பையும் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுமாம். மல்லிகா ஒரு யோசனை சொன்னார்: "யக்கா, உன் கல்லோட மூக்கு வெளிய நீட்டிக்கினு கீது பாரு. அதுல குந்தேன்." தனம் அக்கா பிடிகல்லின் முனையில் பாதி உடம்பை வைத்துக்கொண்டு, கிளி மாதிரி கழுத்தை நீட்டி, "வஞ்சரம்…" என்று ஆரம்பித்தார். 'ரம்' வருவதற்குள் மணலில் இருந்தார். யாரும் சிரிக்கவில்லை. குப்பன் மட்டும் ஐஸ் பெட்டியில் தாளம் போட்டான். படகுக்காரர்களில் இரண்டு பேர் மெதுவாகக் கூடையை அவன் பக்கம் நகர்த்துவதை நான் பார்த்தேன். தனம் அக்காவும் பார்த்தார். மணலைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

அப்போதுதான் ஸ்கூட்டர் சத்தம். பரமசிவம் சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, எல்லோரையும் தாண்டிச் சுவரின் முன்னால் நின்றார்.

"வணக்கம். நேத்து சாயங்காலம் நல்லாத்தானே இருந்தீங்க? என்ன இவ்வளவு கூட்டம்?"

தோளில் கல்லோடு நான் சொன்னேன்: "சார், இந்த அக்காவோட ஏலக்கல்லு என் வயித்துல போயிடுச்சி சார். அதும்மேல குந்துனாத்தான் இவங்க கூவ முடியும். கூவலன்னா அந்தாளு கூவிடுவாரு."

தனம் அக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "இன்னாய்யா இது? இவரு அதாண்ட பேசறாரு, நீ பதிலு சொல்றே?"

"அவரு செவுத்தாண்டதான் பேசுவாரு யக்கா" என்றார் மல்லிகா. "மேஸ்திரிதான் செவுத்துக்கு வாயி."

சார் குடையைப் பிடிகல்லின் மூக்கில் வைத்தார். "இதை எடுத்துட்டா உங்களுக்கு என்ன ஆகும்?"

"ரெண்டாப் பொளந்துக்குவேன் சார். நாளைக்கு அமாவாசை."

"அந்தம்மா கேக்கறதும் நியாயமா இருக்கே. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவர் என்னிடம் கேட்டிருந்தால், 'சார், நீங்களே சொல்லுங்க' என்றிருப்பேன். சுவரிடம் கேட்டுவிட்டார். தோள் எரிந்தது. அதற்குள் தனம் அக்கா என்னை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரின் முன்னால் போய் இடுப்பில் கை வைத்தார்.

"ஏ செவுரு! நீயே சொல்லு. இந்தக் குப்பத்துக்காகத்தான நீ நிக்குறே? நானும் இந்தக் குப்பம்தான். அவன் பொட்டி மேல குந்தி என் பொழப்பத் துன்னப்போறான். உன் வயித்துல கீறத எனக்குக் குடுக்க முடியாது. சரி, வுடு. அப்ப நான் எங்க குந்துறது? வாயத் தொறந்து சொல்லு."

கூட்டம் முழுக்க என் வாயைப் பார்த்தது. சார் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என் தலை மேல குந்துக்கா" என்றேன். "கல்லுக்கு நேரா. கீழ அது கீது, மேல நீ கீறே."

குப்பன் பெட்டியில் இருந்தபடியே கையை நீட்டினான்.

"அது எப்படி? நடுவுல அஞ்சாறு கல்லு கீதே! அது கல்லு மேல குந்துனதா ஆவுமா? செவுத்து மேல குந்துனதா ஆவுமா? கேளுங்கய்யா, செவுத்தாண்டயே கேளுங்க!"

கேள்வி நியாயமான கேள்விதான். படகுக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு யோசித்தார்கள். சார்கூடக் குடையைத் தாழ்த்திவிட்டு மனசுக்குள் வரிசைகளை எண்ணுவது தெரிந்தது. சுவருக்கு வாயாக இருந்த எனக்கு அதற்குமேல் வாய் வரவில்லை.

தனம் அக்காவுக்கு வந்தது. இடுப்பில் செருகியிருந்த மடித்த கோணிச் சாக்கை உருவிக் கூட்டத்துக்கு முன்னால் விரித்துக் காட்டினார்.

"இத்தினி வருசமும் இந்தச் சாக்கைப் போட்டுத்தான கல்லு மேல குந்திகினு இருந்தேன்? அப்ப எவனாவது, 'யம்மா, நடுவுல சாக்கு கீது, இது கல்லு மேல குந்துனதா ஆவாது'ன்னு கேட்டீங்களா? வாங்குன மீனைத் திருப்பிக் குடுத்தீங்களா? சாக்கு நடுவுல இருந்தா ஆவும், கல்லு நடுவுல இருந்தா ஆவாதா? கல்லுக்கும் எனக்கும் நடுவுல கல்லு கீது. சாக்கை வுட அது சொந்தம்தான?"

"ஆமால்ல" என்றார் கூடையை நகர்த்தின படகுக்காரர்களில் ஒருவர். கூடையைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

சார் சுவரிடம், "உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். ஆனா தலையில ஒரு கல்லு பாக்கி கீது" என்றேன்.

"தட்டையா?" என்று கேட்டார் தனம் அக்கா.

"தட்டை."

"அப்ப இன்னாத்துக்கு அத்தத் தூக்கிக்கினு நிக்குறே, சாமி ஊர்வலம் மாரி? வை."

வைத்தேன். தோளிலிருந்து இறங்கின கல் இடத்தில் உட்கார்ந்தது. மல்லிகா கொடுத்த சில்லுகளைப் பின்பக்கமிருந்து அடித்தேன். சார் குடை முனையால் சுற்றிலும் குத்திப் பார்த்தார். முனை எங்கும் உள்ளே போகவில்லை. பிறகு ஒதுங்கி நின்று, குடையின் கைப்பிடியைத் தனம் அக்கா பக்கம் நீட்டினார். அவர் மனுஷர் ஒருவருக்கு நேராக எதையாவது நீட்டி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தனம் அக்கா அதைப் பிடித்துக்கொண்டு, தன் கல்லின் மூக்கில் கால் வைத்து ஏறினார். சாக்கை நாலாக மடித்து என் தட்டைக் கல்லின் மேல் போட்டார். உட்கார்ந்தார். ஒரு பக்கம் ஆடிப் பார்த்தார், இன்னொரு பக்கம் ஆடிப் பார்த்தார். கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டார். வஞ்சரக் கூடையோடு ஓடி வந்த ஆளைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, கூட்டத்துக்கு நடுவில் கொழுந்தன் இருந்த இடத்தைப் பார்த்து, குப்பம் முழுக்கக் கேட்கிற குரலில் அன்றைய முதல் ஏலத்தைக் கூவினார்:

"ஐஸ் பொட்டி ஒண்ணு! மேல குந்திகினு கீற ஆளோட சேத்து! யாரு கேக்கறது?"